வைட்ஃபீல்டில் மனஉறுதிக்குப் பஞ்சமில்லை

உடம்பு இளைக்காதவர்களுக்கு இந்த நாட்டில் ஒரே பதில்தான் கிடைக்கிறது: "மனசு வைக்கணும்." ஜிம் பயிற்சியாளர் அதைச் சொல்கிறார். அலுவலகத்தின் எச்.ஆர். மின்னஞ்சலில் சொல்கிறது. ஊரிலிருந்து வரும் சித்தி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுகிறார். முதல் மாதம் நன்றாகப் போகும், அப்புறம் ஆர்வம் வடியும், அதை வடியவிடாமல் பிடித்து வைத்திருப்பதுதான் எடைக்குறைப்பின் சூட்சுமம் என்பது இன்று யாரும் கேள்வி கேட்காத ஞானம். அதற்கான உபாயங்களும் தாராளமாகக் கிடைக்கின்றன. கண்ணாடியில் ஒட்டும் வாசகம், இரண்டு அளவு சிறியதாக வாங்கி அலமாரியில் மாட்டிவைக்கும் ஜீன்ஸ், கல்லூரிக் காலத்துப் புகைப்படம், காலையும் மாலையும் மணியடிக்கும் செயலி.

இந்த ஞானம் தவறானது என்பதே என் வாதம். தோற்றவரின் தலையிலேயே பழியைப் போடுவதால் அது தீங்கும் செய்கிறது. இதைச் சொல்ல பெங்களூரின் வைட்ஃபீல்டைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

இங்கே யார் வாழ்கிறார்கள் என்று பாருங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் ஐடிபிஎல் தொழில்நுட்பப் பூங்கா எழுந்த பிறகு சேலத்திலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அலையலையாக வந்தவர்கள். பிளஸ் டூவில் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து படித்தவர்கள். தமிழ்வழியில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் நேர்காணல் கொடுத்து, தோற்று, மறுபடி கொடுத்து வேலை வாங்கியவர்கள். இருபது வருட வீட்டுக்கடனில் ஒரு தவணைகூடத் தவறாதவர்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் மடிக்கணினியைத் திறந்துவைத்து ரிலீஸை முடித்துக் கொடுப்பவர்கள். இவர்களுக்கு உறுதி இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வேலையிலும் கடனிலும் பிள்ளை வளர்ப்பிலும் வருடக்கணக்காகத் தளராத ஓர் ஆள், தட்டின் முன் உட்காரும்போது மட்டும் உறுதியற்றவராக மாறிவிடுகிறார் என்பது நம்பக்கூடிய விளக்கமே அல்ல.

ஒரு தனி ஆளை விடுங்கள், நாட்டுக் கணக்கைப் பாருங்கள். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, 1,13,000 பேரை அளந்து 2023இல் வெளியானது. அதன்படி இந்தியப் பெரியவர்களில் 39.5 விழுக்காட்டினருக்கு வயிற்றுப் பகுதிப் பருமன் இருக்கிறது. பத்துப் பேரில் நாலு பேர். இத்தனை கோடிப் பேரின் மனஉறுதி ஒரே தலைமுறையில் கரைந்துபோனது என்று நம்ப வேண்டுமா? நம் தாத்தாக்கள் ஒல்லியாக இருந்தது உறுதியால் அல்ல. வயலுக்கு நடந்தாக வேண்டியிருந்தது, அதனால் நடந்தார்கள். இரவு ஏழரைக்குமேல் சாப்பிட ஒன்றும் கிடைக்காது, அதனால் சாப்பிடவில்லை. எடை குறைப்பதற்காக அவர்கள் ஒருநாளும் மனசு வைத்ததில்லை.

மனசு வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய சோதனையே நடந்திருக்கிறது. 'தி பிக்கெஸ்ட் லூசர்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி அது. ஊக்கத்துக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தன. பக்கத்திலேயே பயிற்சியாளர், முகத்துக்கு நேரே கேமரா, பெரும் பரிசுப்பணம், நாடு முழுக்கப் பார்வையாளர்கள். அதில் பங்கேற்ற 14 பேரை கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு ஆறு வருடம் கழித்துத் தேடிப்போய் அளந்து, 2016இல் முடிவை வெளியிட்டது. போட்டியின்போது சராசரியாக 58 கிலோ குறைந்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்ப வந்திருந்தது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. அவர்களுடைய உடல் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் ஆற்றல், அந்த எடையுள்ளவருக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. ஆறு வருடம் கழித்தும் உடம்பு தன் இழப்பை மறக்கவில்லை.

பசியும் அப்படித்தான். மெல்போர்னில் 50 பேரைச் சேர்த்து நடத்தி 2011இல் வெளியான ஆய்வில், பத்து வாரக் கடும் பத்தியத்தில் சராசரியாக 13 கிலோவுக்குமேல் குறைத்தார்கள். ஒரு வருடம் கழித்து ரத்தத்தைச் சோதித்தபோது பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஏறியபடியும், போதும் என்று சொல்லும் ஹார்மோன்கள் இறங்கியபடியும் இருந்தன. அந்த மனிதர்களுக்கு முன்பைவிட அதிகம் பசித்தது. மூன்றாவது மாதத்தில் "ஆர்வம் போய்விட்டது" என்று வெட்கத்தோடு சொல்கிறவர்களிடம் உண்மையில் நடப்பது இது. ஆர்வம் எங்கும் போகவில்லை. பசி கூடியிருக்கிறது, செலவாகும் ஆற்றல் குறைந்திருக்கிறது, போன மாதம் பலித்த அதே சாப்பாடு இந்த மாதம் பலிக்கவில்லை. அவருக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. வாசகம் அச்சிட்ட தண்ணீர் பாட்டிலைத்தான் கொடுத்தார்கள்.

இனி வைட்ஃபீல்டின் ஒரு நாளுக்கு வருவோம். இது எந்தத் தனி மனிதரின் நாளும் அல்ல, இங்கே எந்த அடுக்குமாடியில் கேட்டாலும் கிடைக்கிற நாள். காலை ஆறரைக்குக் குழந்தையை எழுப்பி, ஏழேகாலுக்குப் பள்ளிப் பேருந்தில் ஏற்ற வேண்டும். பத்துக்கு அலுவலகத்தில் ஸ்டாண்ட்-அப் கூட்டம். அதற்கு நடுவே சமையல், டப்பா, குளியல், பயணம். டாம்டாம் நிறுவனத்தின் 2024 கணக்கில் பெங்களூரில் பத்து கிலோமீட்டர் போக சராசரியாக 34 நிமிடம். மாலை ஆறரைக்கு வர்த்தூர் கோடியிலோ ஹோப் ஃபார்ம் சந்திப்பிலோ நிற்பவருக்கு அந்தச் சராசரி போதாது. வீட்டுக்கு வந்து முகம் கழுவி உட்கார்ந்தால் இரவு எட்டரைக்குக் கலிபோர்னியாவில் விடிந்துவிடும். அங்குள்ளவர்களோடு கான்ஃபரன்ஸ் கால் முடிய பத்தரை. அப்புறம் சாப்பாடு. படுக்கப் பன்னிரண்டரை.

பெண்ணாக இருந்தால் இந்தக் கணக்கில் இன்னொரு வேலைநேரமும் சேரும். மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதில் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார், ஆண் 88 நிமிடம். அந்த 289 நிமிடத்தை யாரும் எடுத்துக்கொள்ளாமல், "உனக்காக அரை மணி ஒதுக்கிக்கொள்ளக் கூடாதா" என்று அவரைக் கேட்பது அநியாயம்.

தூக்கம் குறைவது சாதாரண விஷயம் என்று நினைக்கிறோம். சிகாகோவில் பத்துப் பேரை வைத்து நடத்தி 2010இல் வெளியான ஒரு சோதனையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரே அளவு பத்தியச் சாப்பாடு. பதினாலு நாள் எட்டரை மணி நேரம் படுக்கை, இன்னொரு பதினாலு நாள் ஐந்தரை மணி நேரம். இரண்டு தடவையும் எடை ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் மூன்று கிலோ, குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது கரைந்த கொழுப்பு 1.4 கிலோ, தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டும். மீதியெல்லாம் தசை முதலானவை. பசியும் தூக்கம் குறைந்த நாட்களில்தான் அதிகம். சாப்பாட்டில் ஒரு பருக்கை மாறவில்லை, உறுதியும் மாறவில்லை, மாறியது உறங்கிய மணி மட்டும். இரவுக் கால்களை நம் தலையில் கட்டுகிற நிறுவனம் நம் உடம்பிலிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா?

தனியாக வந்து பி.ஜி. விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்கள் நிலை இன்னும் மோசம். காலையில் சித்ரான்னம் அல்லது புளியோகரை, மதியம் ஏதோ ஒரு ரைஸ் பாத், இரவு சாதமும் தண்ணீர்ச் சாம்பாரும். அறையில் அடுப்பு வைக்க அனுமதி கிடையாது. ஐசிஎம்ஆர்-இந்தியாப் குழு 2025இல் வெளியிட்ட உணவு ஆய்வு, இந்தியர்களின் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. பி.ஜி. தட்டில் அது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். "புரதம் கூட்டுங்கள்" என்று அவரிடம் சொல்லும் உணவு ஆலோசகர் அந்தச் சமையலறைக்கு ஒருநாளாவது போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் அலுவலகங்கள் தரும் பரிகாரம் நலத்திட்டம். நடைப் போட்டி, எடைக்குறைப்புச் சவால், மதிய இடைவேளையில் ஊக்கப் பேச்சாளர். இவை பலிக்குமா என்று முறையாகச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில், ஏறக்குறைய 33,000 ஊழியர்களிடையே, சில கிளைகளில் மட்டும் நலத்திட்டம் வைத்து ஒப்பிட்டார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பின் முடிவை எடுத்தார்கள், 2019இல் அது வெளியானது. திட்டம் நடந்த கிளைகளில், உடற்பயிற்சி செய்கிறோம், எடையைக் கவனித்துவருகிறோம் என்று சொன்னவர்கள் கணிசமாகக் கூடியிருந்தார்கள். எடையிலோ ரத்த அழுத்தத்திலோ கொலஸ்டிராலிலோ வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. விடுப்பும் மருத்துவச் செலவும்கூட அப்படியே இருந்தன. இந்த முடிவை நிதானமாகப் படிக்க வேண்டும். ஊக்கம் கூடியது, எடை அசையவில்லை. ஊக்கம்தான் சாவி என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கையில் கட்டும் கருவி? பிட்ஸ்பர்கில் 471 பேரிடம் இரண்டு வருடம் நடந்த ஆய்வில் கருவி கட்டியவர்கள் 3.5 கிலோ குறைத்தார்கள், கட்டாதவர்கள் 5.9 கிலோ. ஜிம் சந்தா? அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் உறுப்பினர் கணக்குகளை இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். பத்து முறைக்கான சீட்டு வாங்கியிருந்தால் ஒரு முறைக்குப் பத்து டாலர்தான், ஆனால் மாதச் சந்தா கட்டியவர்களுக்கு ஒரு முறை போக 17 டாலருக்குமேல் ஆகியிருந்தது. மனிதர்கள் தங்கள் வருங்கால ஆர்வத்தை மிகையாக மதிப்பிடுவது அந்த வியாபாரத்துக்கு ஆதாயம். ஜனவரியில் இங்கே கிராஃபைட் இந்தியா சந்திப்பைத் தாண்டும் ஒவ்வொரு ஆட்டோவின் முதுகிலும் வருடச் சந்தாத் தள்ளுபடி ஏன் ஒட்டியிருக்கிறது என்பது அதிலிருந்து புரியும்.

நம் பக்கத்திலேயே, சென்னையில், இதற்கெல்லாம் வேறு ஒரு பாதை காட்டிய ஆய்வு நடந்திருக்கிறது. அதைத் தமிழர்களே போதிய அளவு பேசவில்லை என்பது என் ஆதங்கம். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அது, 2006இல் வெளியானது. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் நாற்பதுகளில் இருந்த, அலுவலகங்களில் வேலை பார்த்த நடுத்தர வர்க்கத்தினர், அதாவது வைட்ஃபீல்டில் இருப்பவர்களைப் போன்றவர்கள். ஒரு பிரிவினருக்குச் சொன்னது இவ்வளவுதான்: தினம் அரை மணி விறுவிறுவென்று நடங்கள், ஏற்கெனவே சைக்கிளிலோ நடந்தோ வேலைக்குப் போகிறவர்கள் அதையே தொடருங்கள், சர்க்கரையையும் தீட்டிய மாவுப் பண்டங்களையும் எண்ணெயையும் குறையுங்கள், நார்ச்சத்தைக் கூட்டுங்கள். மூன்று வருடத்தில் ஒப்பீட்டுக்கு வைத்த பிரிவில் 55 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. இந்தப் பிரிவில் 39.3 விழுக்காட்டினருக்கு. மெட்ஃபார்மின் மாத்திரைக்குக் கிடைத்த பலனும் ஏறத்தாழ இதே அளவுதான்.

இந்தப் பலன் கிடைத்தபோது அவர்களுடைய எடை குறிப்பிடும்படி குறையவில்லை.

ஊக்க ஞானத்தின் ஆகப் பெரிய தீங்கு இங்கேதான் இருக்கிறது. அது எடைமுள்ளைப் பரிசாகவும் தண்டனையாகவும் வைக்கிறது. முள் நகர்ந்தால் உற்சாகம், நகராவிட்டால் சோர்வு. மூன்று மாதம் தினம் நடந்து, இரவுச் சாதத்தைப் பாதியாக்கி, முள் நகரவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடும் ஒருவர் உண்மையில் தோற்றவரா? அவருடைய சர்க்கரை, கல்லீரல், தூக்கம், முழங்கால் எல்லாம் நன்மை பெற்றுக்கொண்டிருந்திருக்கலாம். எடை ஒன்றையே பார்த்து ஊக்கம் தேடச் சொன்னவர்கள்தான் அவரை அந்த நடையிலிருந்து விரட்டினார்கள். அதிலும் நம் உடல்வாகு தனி. ஒரே பி.எம்.ஐ. உள்ள இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் கொழுப்பின் அளவு பெரிதும் மாறுபடும் என்பதை 2004இலேயே புனேவின் மருத்துவர் யாஜ்னிக் தன்னையும் தன் நண்பரான லண்டன் மருத்துவர் யுட்கினையும் அளந்து காட்டினார். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. எடைமுள் நமக்கு நம்பகமான சாட்சி அல்ல.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். "அதே அலுவலகத்தில், அதே ஷிஃப்டில் இருந்துகொண்டே இருபது கிலோ குறைத்தவர் இருக்கிறாரே?" இருக்கிறார். அவரைப் பாராட்டுவோம். ஆனால் அவருடைய வீட்டில் சமைப்பது யார், குழந்தை உண்டா, இரவுக் கால் உண்டா, தைராய்டு உண்டா என்று கேட்காமல் அவரை எல்லாருக்கும் அளவுகோல் ஆக்கக் கூடாது. ஐந்து வருடம் கழித்து அவருடைய படத்தை யாரும் வெளியிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள்.

"ராமச்சந்திரன் குழுவே குறுஞ்செய்தி அனுப்பி நீரிழிவைத் தடுத்ததே, அது ஊக்கம் இல்லையா?" நல்ல கேள்வி. 2013இல் வெளியான அந்த ஆய்வில் 537 ஆண் ஊழியர்கள். இரண்டு வருடத்தில், செய்தி பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. அந்தச் செய்திகளில் இருந்தவை சாப்பாட்டையும் நடையையும் பற்றிய நடைமுறைக் குறிப்புகள். உன்னால் முடியும், விடாதே என்ற கூச்சல் அல்ல. குறிப்பு தருவதை நான் எதிர்க்கவில்லை. குறிப்பைப் பின்பற்ற நேரமும் இடமும் தராமல், பின்பற்றாதவரைக் குணக்கேடு உள்ளவராகப் பார்ப்பதை எதிர்க்கிறேன்.

2025இல் மவுன்ஜாரோ, வெகோவி என்ற எடைக்குறைப்பு ஊசிமருந்துகள் இந்தியச் சந்தைக்கு வந்தபின் விவாதம் இன்னும் தெளிவாகியிருக்கிறது. வெகோவியிலுள்ள செமாகுளுடைடுக்கான பெரும் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 விழுக்காடு எடை குறைந்தது. ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவந்தது. அந்த மருந்து யாருடைய குணத்தையும் திருத்தவில்லை, பசியின் உரத்த குரலைத் தணித்தது. ஊசி இருக்கும்வரை "மனசு வைத்தவர்", ஊசி நின்றதும் "மனசு விட்டவர்" என்றா சொல்வோம்? யாருக்கு அது வேண்டும், யாருக்கு வேண்டாம் என்பது மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது. பழிச்சொல்லுக்கு அங்கே இடமில்லை.

"அப்படியானால் தனிமனிதர் செய்ய ஒன்றுமே இல்லையா?" உண்டு. ஆனால் தினம் காலையில் புதிதாக மனசைத் திரட்ட வேண்டியிராத வகையில் செய்ய வேண்டும். வாடகைக் காரை விட்டு மெட்ரோவுக்கு மாறுவது அப்படி ஒன்று. 2023 மார்ச்சில் கே.ஆர்.புரத்திலிருந்து காடுகோடிவரை ஊதாப் பாதை திறந்தது, அக்டோபரில் நகரத்தோடு இணைந்தது. இரண்டு முனையிலும் நடந்தே ஆக வேண்டும், ஆர்வம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அமெரிக்காவின் ஷார்லட் நகரில் இலகு ரயில் வந்தபின் நடந்த ஒரு ஆய்வில், அதில் வேலைக்குப் போனவர்களின் பி.எம்.ஐ., போகாதவர்களோடு ஒப்பிட 1.18 குறைந்திருந்தது, நடுத்தர உயரமுள்ளவருக்குச் சுமார் மூன்று கிலோ. சிறிய ஆய்வுதான், ஆனாலும் நடைப் போட்டிகள் தராததை ஒரு ரயில் தந்தது. இரவு உணவை எட்டரைக் காலுக்கு முன்பே முடிப்பதும், வீட்டில் சமையலை ஆணும் பெண்ணும் பங்கிடுவதும், எடைக்குப் பதில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையையும் இடுப்பளவையும் பார்ப்பதும் அதே வகை.

மீதியைத் தனியாளாகச் செய்ய முடியாது, கேட்டு வாங்க வேண்டும். 2024 ஜூலையில் ஐடி ஊழியர்களிடம் நாளொன்றுக்கு 14 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் கர்நாடக அரசின் முன் வந்தது. 2025இல் அதுவே 12 மணி நேரமாக உருமாறி மறுபடி வந்தது. கர்நாடக மாநில ஐடி ஊழியர் சங்கம் இரண்டு தடவையும் எதிர்த்தது. எடைக்குறைப்பைப் பற்றி இந்தப் பகுதியில் பேசப்பட்ட ஆகப் பயனுள்ள பேச்சு அந்த எதிர்ப்புதான் என்று நான் கருதுகிறேன். எந்தப் பயிற்சியாளரும் திருப்பித் தர முடியாத தூக்கத்தை அது காப்பாற்றப் பார்த்தது.

அலுவலகத்தில் அடுத்த எடைக்குறைப்புச் சவால் அறிவிக்கப்படும்போது, அதில் பெயர் கொடுப்பதற்கு முன் சில கோரிக்கைகளை எழுதிக் கொடுங்கள். ஒரே ஆளுக்கு வாரத்தில் இரண்டு இரவுக்குமேல் கால் கூடாது, இரவுக் கால் இருந்தால் மறுநாள் காலை தாமதமாக வர அனுமதி வேண்டும். கேன்டீனில் சாதத்தின் விலைக்கே சுண்டலும் முட்டையும் கிடைக்க வேண்டும். நிறுவனம் பணம் கொடுக்கும் பி.ஜி.க்களுக்கும் அதே நிபந்தனை வேண்டும். 2025 செப்டம்பரிலிருந்து வைட்ஃபீல்ட் பெங்களூரு கிழக்கு மாநகராட்சியின் கீழ் இருக்கிறது. பட்டந்தூர் அக்ரஹாரா, நல்லூரஹள்ளி, குந்தலஹள்ளி நிலையங்களிலிருந்து அலுவலக வாசல்கள்வரை, டிரான்ஸ்ஃபார்மரும் நிறுத்திவைத்த பைக்கும் மறிக்காத, மழையில் கல் புரளாத, இரவு பதினொன்றுக்கும் ஒரு பெண் தனியாக நடக்கத்தக்க வெளிச்சமுள்ள நடைபாதையை அந்த மாநகராட்சியிடம் கேட்க வேண்டும். குடியிருப்போர் சங்கங்களுக்கு அதைக் கேட்கும் பலம் இருக்கிறது. ஏரிகளுக்காகவும் சாலைகளுக்காகவும் இதே சங்கங்கள் தெருவில் இறங்கியிருக்கின்றன.